நீளாயிக்கு வளைகாப்பு

அல்லிக்குளத்துக் காட்டில் ஒரு கீரி பாம்பு வளர்த்தது. நீங்கள் நம்பமாட்டீர்கள். அந்தக் காட்டிலேயே முதலில் யாரும் நம்பவில்லை.

கீரியின் பெயர் துடுக்கி. ஒரு நாள் காலையில் புற்றோரம் கிடந்த முட்டை ஒன்றைத் தின்னலாம் என்று தூக்கி வந்தது. வாய் வைக்கப் போகும் நேரம் பார்த்து முட்டை கிழிந்தது. உள்ளேயிருந்து ஈர்க்குச்சி போல ஒரு சாரைக் குட்டி தலையை நீட்டியது. துடுக்கியின் மூக்கை நாக்கால் தொட்டுப் பார்த்தது. அவ்வளவுதான், துடுக்கிக்குப் பசி பறந்துவிட்டது. 'சரி, போனால் போகிறது. இன்று ஒரு நாள் விட்டுவைப்போம்' என்று நினைத்தது. அந்த ஒரு நாள் மூன்று வருடம் ஆகிவிட்டது.

குட்டி நீண்டுகொண்டே போனது. அதனால் நீளாயி என்று பெயர் வைத்தது துடுக்கி.

மற்ற கீரிகள் விழுந்து விழுந்து சிரித்தன.

"சண்டைக்காரங்களைக் கீரியும் பாம்பும்னு சொல்வாங்க. இனிமே என்னத்தைச் சொல்றது?"

"தாயும் பிள்ளையும்னு சொல்லுங்க!" என்றது துடுக்கி.

நீளாயி வளர வளரக் காட்டில் எலித் தொல்லை ஒழிந்தது. குருவிக் கூடுகள் பக்கம் அது தலைவைத்தும் படுக்காது. அம்மாவிடம் அப்படிச் சத்தியம் செய்து கொடுத்திருந்தது. அதனால் அணில் முதல் ஆமை வரை எல்லோருக்கும் நீளாயி செல்லப்பிள்ளை.

வேனில் தொடங்கியது. மூங்கில் புதருக்கு அப்பாலிருந்து ஓர் ஆண் சாரை வந்தது. நீளாயியோடு பிணைந்து ஆடியது. ஒரு வாரம் இருந்துவிட்டு வந்த வழியே போய்விட்டது. பாம்பு வீட்டு மாப்பிள்ளைகளின் வழக்கம் அது. அதற்காக யாரும் கண்ணீர் விடவில்லை.

அடுத்த வாரம் கோடை மழை ஒன்று கொட்டித் தீர்த்தது. நீளாயியின் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. நீளாயி இரண்டு நாள் ஈரத்திலேயே கிடந்தது. மூன்றாம் நாள் துடுக்கி ஓர் எலியோடு வந்தது.

"நீளாயி! கொழுத்த எலி கொண்டாந்திருக்கேன், எழுந்திரு!"

"வேணாம்மா."

"ஏன்டி?"

"பசிக்கல."

துடுக்கிக்குப் பகீர் என்றது. சட்டை உரிக்கும் நாட்களைத் தவிர, எலி வேண்டாம் என்று சொல்லும் நீளாயியை அது பார்த்ததே இல்லை. அப்போது மரத்திலிருந்து அணில் கீச்சி தலைகீழாக இறங்கி வந்தது. ஊர் விஷயமெல்லாம் முதலில் அதன் காதில்தான் விழும்.

"அட, என்னக்கா நீ! மாப்பிள்ளை வந்து போயி எத்தனை நாளாச்சு? இதுகூடத் தெரியலையா? மசக்கைக்கா, மசக்கை!"

துடுக்கியின் வால் சிலிர்த்துக்கொண்டது. "மசக்கையா? என் நீளாயிக்கா?" என்று மூன்று சுற்றுச் சுற்றி ஆடியது. இருந்தாலும் பெரியவர் ஒருவரைக் கேட்டுவிடுவது நல்லது என்று வைத்தியரைக் கூப்பிட்டது.

வைத்தியர் செங்கண்ணார் ஒரு செம்போத்துப் பறவை. 'வந்தது' என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆகவே வந்தார் என்றே சொல்வோம். வந்தார், உயரமான கிளையில் உட்கார்ந்தார். கீழே இறங்கவில்லை. சிவந்த கண்ணை ஒரு முறை உருட்டினார்.

"ஊம்... ஊம்... ஊம்... முட்டை பிடிச்ச பாம்பு இரை எடுக்காது. காலங்காலமா உள்ளதுதான். மசக்கை!"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. முட்டை பிடித்த பாம்பு பெரும்பாலும் இரை எடுக்காதுதான். நீளாயியின் வயிற்றில் முட்டையும் இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று.

"ஆனா ஒண்ணு" என்றார் செங்கண்ணார். "பிள்ளைத்தாச்சிக்கு உடம்புச் சூடு ஆகாது. குளிர்ச்சியா வெச்சுக்கணும். குளத்தோரம் தாழம்புதர் நிழல்ல பாசி மெத்தை போடு. காலையும் சாயங்காலமும் தண்ணி தெளி!"

ஆமை முதுகில் பாசி சுமந்து வந்து கொட்டியது. நாரைகள் அலகில் தண்ணீர் கொண்டு வந்து தெளித்தன. நீளாயி நல்ல பிள்ளையாக அந்தச் சொதசொத மெத்தையில் போய்ச் சுருண்டது.

நாட்கள் போயின. நீளாயி படுக்கும்போதும் தலையைத் தரையில் வைக்கவில்லை. ஒரு வேரின்மேல் தலையைத் தூக்கி வைத்துக்கொண்டது.

"பாத்தியா நிமிர்வை! தாயாகப் போற பெருமை!" என்றார் செங்கண்ணார்.

அதன் வாயோரத்தில் சிறு நுரை தெரிந்தது.

"வாய் உமட்டுது, பாவம். மசக்கைன்னா அப்படித்தான்!" என்றது கீச்சி.

மூச்சு விடும்போது கொர் கொர் என்று சத்தம் கேட்டது.

"முட்டைங்க உள்ளே உருண்டு விளையாடுதுங்க!" என்றன தூக்கணாங்குருவிகள்.

மசக்கை என்ற அந்த ஒரு சொல் இருக்கிறதே, அது பெரிய சாக்கு மாதிரி. எதைப் போட்டாலும் உள்ளே போயிற்று. துடுக்கியும் அந்தச் சாக்கைத்தான் பிடித்துக்கொண்டு நின்றது. ஆனாலும் அதன் மனசில் முள் தைத்த மாதிரி ஒரு உறுத்தல். தினமும் ஒரு முறை கேட்டது.

"உனக்கு ஒண்ணும் இல்லையேடி?"

"ஒண்ணும் இல்லம்மா" என்று தினமும் சொன்னது நீளாயி. சொல்லிவிட்டுச் சட்டென்று நாக்கை நீட்டி வாயோர நுரையைத் துடைத்துக்கொண்டது.

இருபது நாள் ஆயிற்று. "வளைகாப்பு போடணும்!" என்று கிளம்பியது கீச்சி.

"கையே இல்லாத பாம்புக்கு வளைகாப்பா?" என்று காகம் கேட்டது.

"கை இல்லாட்டி என்ன? அவளுக்கு உடம்பு முழுக்கக் கைதானே!"

தூக்கணாங்குருவிகள் கோரைப்புல்லில் ஏழு வளையல் முடைந்தன. நீளாயியின் கல்யாண மாலைக்கென்று அவை எடுத்து வைத்திருந்த அளவு கைவசம் இருந்தது. 'இறுக்கமாக இருந்தால்தான் அழகு' என்று அதே அளவில் போட்டன.

வளைகாப்பு நாளன்று தாழம்புதர் ஓரம் கொள்ளாத கூட்டம். மயில் முன்னால் நின்று ஆடியது. கீச்சி நாவற்பழம் பரிமாறியது. பெற்ற தாய் இல்லாத இடத்தில் வளர்த்த தாய்தான் முதல் வளையல் போட வேண்டும். துடுக்கி பெருமையாக முன்னே வந்தது. வளையலை நீளாயியின் தலை வழியாக மாட்டியது.

வளையல் நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு கீழே கீழே போய், வயிற்றில் முட்டை இருந்த மேட்டில் தட்டித் தொளதொளவென்று நின்றது.

"ஆகா! என்னமா வழுக்குது! பிரசவமும் இப்படித்தான் வழுக்கிக்கிட்டு ஆகும்!" என்று கீச்சி குலவை இட்டது. எல்லோரும் கூட இட்டார்கள்.

இரண்டாவது வளையலும் அப்படியே வழுக்கியது. மறுபடியும் குலவை.

மூன்றாவது வளையலை எடுத்த துடுக்கியின் கை அந்தரத்தில் நின்றது.

"நிறுத்துங்க!"

மயிலின் கால்கூட நின்றுவிட்டது.

"குருவிகளா, இது எப்போ எடுத்த அளவு?"

"மாப்பிள்ளை வந்த வாரம்க்கா."

"அளவு தப்பியிருக்குமா?"

"எங்களுக்கா? எங்களுக்கு அளவு தப்பினா கூடு தண்ணிக்குள்ள விழுந்துடும்க்கா!" என்று ரோஷப்பட்டன குருவிகள்.

"அப்போ வளையல் பெருசாகல. என் பொண்ணு இளைச்சிருக்கா."

துடுக்கி நீளாயியின் முதுகைத் தடவிப் பார்த்தது. உருண்டு திரண்டிருந்த முதுகு கூரை முகடு போலக் கூராக நின்றது. காதை விலாவில் வைத்துக் கேட்டது. உள்ளே அடுப்பில் கஞ்சி கொதிப்பது போலச் சத்தம். இத்தனை நாளாக இந்தச் சத்தத்தைக் கேட்டும் கேளாமல் இருந்தோமே என்று அது தன்னையே நொந்துகொண்டது.

கிளையிலிருந்து செங்கண்ணார் கனைத்தார். "இரை எடுக்காட்டி இளைக்கத்தானே செய்யும்? இதுக்கு ஏம்மா இவ்வளவு கூப்பாடு?"

"வைத்தியரே, போன தடவை சட்டை உரிச்சப்போ இவ முப்பது நாள் பட்டினி. முதுகெலும்பு தெரியல. நல்லா இருக்கிற பாம்பு பட்டினியைத் தாங்கும். இருபது நாளுக்கே இப்படி எலும்பா ஆகாது."

"மசக்கைன்னா கொஞ்சம்..."

"மசக்கைக்கு நெஞ்சுக்குள்ள கொதிக்குமா?"

"நெஞ்செரிச்சல் உண்டே!"

"எரியும் வைத்தியரே, கொதிக்காது! கீழே இறங்கி வந்து காதை வெச்சுக் கேளுங்க!"

செங்கண்ணார் இறங்கவில்லை. இறங்கி அவருக்குப் பழக்கமில்லை.

துடுக்கி நீளாயியின் முகத்துக்கு நேரே வந்து நின்றது. "வாயைத் திற."

"அம்மா, வேணாம்மா..."

"திறடி!"

நீளாயி வாயைத் திறந்தது. மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் நடுவே சளி கயிறு கயிறாக நின்றது.

"எத்தனை நாளா?" என்று கேட்டது துடுக்கி.

"மழையில நனைஞ்சதுல இருந்து. தலையைக் கீழே வெச்சா மூச்சு வரலம்மா. அதான் தூக்கிக்கிட்டே இருந்தேன். எல்லாரும் பெருமைன்னு சொன்னாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

நீளாயி கண்ணால் மேலே காட்டியது. பட்டுப்போன இலுப்பை மரத்தின் உச்சியில் பருந்து ஒன்று உட்கார்ந்திருந்தது.

"நோஞ்சான்னு தெரிஞ்சா அது விடுமாம்மா? நானும் போவேன், வயித்துல இருக்கிறதும் போகும். பாம்புங்க நோயைச் சொல்லாது. சொன்ன பாம்பு பிழைச்சது இல்ல."

துடுக்கிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதுகொண்டிருக்க நேரம் இல்லை. ஈரமும் குளிரும் கொடுத்த நோய்க்கு ஈரத்தையும் குளிரையும் மருந்தாகப் போட்டிருக்கிறோம் என்று அதற்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது.

"பாசியை எல்லாம் தூக்கி எறிங்க! இவளைக் கரும்பாறைக்குக் கொண்டுபோறேன். காயணும். நல்ல வெயில்ல காயணும்."

"ஐயோ, பாறைச் சூட்டுல முட்டையெல்லாம் வெந்துடும்!" என்று கத்தினார் செங்கண்ணார்.

"காலை வெயிலும் சாயங்கால வெயிலும் தான் வைத்தியரே. உச்சி வேளையில பாறை இடுக்கு நிழலுக்குள்ள போயிடுவா. மனுஷங்களுக்குத்தான் உடம்புச் சூடு ஆகாது. பாம்புக்குச் சூடே வெளியில இருந்துதான் வரணும்!"

கீச்சிக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான்தான்க்கா முதல்ல மசக்கைன்னு வாயை விட்டேன்" என்றது.

"வாயை விட்டது நீ. நம்பி ஆடினது நான். வா, வந்து ஒரு கை பிடி!"

எல்லோருமாகச் சேர்ந்து நீளாயியைக் கரும்பாறைக்குக் கொண்டுபோனார்கள். பாறை நன்றாகக் காய்ந்து கதகதவென்று இருந்தது. ஆனால் மேலே மறைப்பு ஒன்றும் இல்லை. பருந்துக்கு இலை போட்டுப் பரிமாறியது மாதிரிதான் இடம். ஆகவே துடுக்கி பாறையை விட்டு நகரவில்லை.

முதல் நாள் பருந்து தாழப் பறந்து பேச்சுக் கொடுத்தது.

"துடுக்கி, அது எப்படியும் போற உசிரு. வீணா ஏன் காவல் காக்கிறே? எனக்கு விட்டுடு. உனக்கு ஒரு தொடை தர்றேன்."

"பாம்புக்கு ஏதுடா தொடை, மடையா!"

"சரி, வால் பக்கம் தர்றேன்."

துடுக்கி ஒரே பாய்ச்சல் பாய்ந்தது. பருந்து மேலே போய்விட்டது. ஆனால் இலுப்பை மரத்தை விட்டுப் போகவில்லை.

மூன்றாம் நாள் நீளாயி தலையைப் பாறை விளிம்பில் தொங்கவிட்டது. சளி இழை இழையாக வெளியே வந்தது. ஐந்தாம் நாள் கொதிப்புச் சத்தம் பாதியாகக் குறைந்தது. எட்டாம் நாள் காலையில் துடுக்கி காதை வைத்துக் கேட்டபோது உள்ளே ஒரு சத்தமும் இல்லை. பயந்துபோய் இன்னும் அழுத்திக் கேட்டது. மூச்சு காற்றுப் போலச் சுத்தமாகப் போய் வந்துகொண்டிருந்தது.

"அம்மா, எலி இருக்கா?" என்று கேட்டது நீளாயி.

துடுக்கி ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! முட்டை வயிற்றுக்காரி ஒரு சுண்டெலியை விழுங்குவதை அது கண் கொட்டாமல் பார்த்தது. ஒரு வாரம் கழித்து முதுகு மறுபடி உருண்டது.

"வா, வளைக்குப் போகலாம்" என்றது துடுக்கி.

"இல்லம்மா. அந்தப் பருந்து இருக்கிற வரைக்கும் என் முட்டைக்கு நிம்மதி இல்ல. என்னை நோஞ்சான்னு நினைச்சுக்கிட்டே இருக்கு. நினைச்சுக்கிட்டே இருக்கட்டும். நீ கொஞ்சம் அந்தப் பக்கம் போ."

"விளையாடுறியா? உன்னை விட்டுட்டா?"

"அம்மா, நான் நோயையே இருபது நாள் மறைச்சவ. குணமானதை ஒரு நாழிகை மறைக்க மாட்டேனா?"

துடுக்கி தன் பெண்ணை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு பாறையை விட்டுச் சோர்ந்த நடையில் இறங்கிப் போய், கோரைப்புல்லுக்குள் பதுங்கியது. அதன் நெஞ்சு அடித்த அடியில் புல்லே ஆடியிருக்கும்.

நீளாயி வாயைப் பிளந்து, தலையை ஒரு கல்லின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, கொர் கொர் என்று மூச்சு விட்டது.

இலுப்பை உச்சியில் பருந்து சிரித்தது. "காவலும் போச்சு, மூச்சும் போகுது!" அது அவசரப்படக்கூட இல்லை. சிறகைப் பாதி மடக்கிக்கொண்டு, நிதானமாக, சாப்பிட உட்காருவது போல இறங்கியது.

நகம் பாறையைத் தொட்டதோ இல்லையோ, நீளாயி சாட்டை வீசினாற்போல எழுந்தது! ஆறடி உடம்பும் பருந்தின் கால்களைச் சுற்றி இறுக்கியது. அது விட்ட சீற்றம் குளத்தின் அக்கரை வரை கேட்டது.

"ஐயோ! நீ சீக்காளி ஆச்சே!" என்று அலறியது பருந்து.

"அது போன வாரம்!" என்றது நீளாயி.

கோரைப்புல் பிளந்தது. துடுக்கி பாய்ந்து பருந்தின் வாலைக் கவ்வியது. மரத்திலிருந்து கீச்சி கத்திய கத்தலில் காகங்கள் அத்தனையும் கூடிவிட்டன. பருந்து புரண்டது, உதறியது, கெஞ்சியது. "விட்டுடுங்க! இந்தக் காட்டுப் பக்கமே வரமாட்டேன்!" கடைசியில் நீளாயி பிடியைத் தளர்த்தியது. வால் இறகு முழுவதையும் துடுக்கியின் வாயில் விட்டுவிட்டு, திசை தெரியாமல் தள்ளாடித் தள்ளாடிப் பறந்தது பருந்து. காகங்கள் அதைக் காட்டின் எல்லை வரை வழியனுப்பி வைத்தன.

அன்று அல்லிக்குளத்துக் காட்டில் எழுந்த ஆரவாரத்தைப் போல அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கீரிகளெல்லாம் வந்து நீளாயியை நடுவில் வைத்துக் கூத்தாடின. கீரிகள் கூடிப் பாம்பைக் கொண்டாடியதை எந்தக் காடு கண்டது?

பத்து நாள் கழித்து நீளாயி முட்டை இட்டது. பதினான்கு! ஒன்றுகூடச் சொத்தை இல்லை. துடுக்கி அவற்றை எண்ணியது, மறுபடி எண்ணியது, அருகில் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி வைத்து எண்ணச் சொன்னது.

வைத்தியர் செங்கண்ணாரும் வந்தார். அன்று கிளையில் உட்காரவில்லை. தரையில் நடந்து, முட்டைகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏம்மா துடுக்கி, எத்தனையோ பருவம் பாத்தவன் நான். எனக்குத் தெரியாதது உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க பருவத்தைப் பாத்தீங்க வைத்தியரே" என்றது துடுக்கி. "நானும் இருபது நாள் அதைத்தான் பாத்தேன். அதுக்கப்புறம்தான் பாம்பைப் பாத்தேன்."

செங்கண்ணார் குனிந்து, நீளாயியின் விலாவில் காதை வைத்து, முதல் முறையாக ஒரு பாம்பின் மூச்சைக் கேட்டார்.

'இந்தப் பருவத்தில் இது வழக்கம்தான்' என்று சொல்லி வேறு பக்கம் பார்க்காமல், அன்பு வைத்த உயிரை அருகில் போய்த் தொட்டுப் பார்ப்பவரே அது மறைத்து வைத்த நோயையும் கண்டுபிடித்துக் காப்பாற்றுவார்.